ஸ்பூன் வளைந்தது யாரால்?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மன சக்தியாலேயே ஸ்பூனை வளைப்பதாகச் சொன்ன யூரி கெல்லரின் புகழுக்குக் காரணம் அவருடைய கைவித்தையா, ஆராய்ச்சியாளர்களின் ஆசையா என்பது தலைப்பு. ஆசையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் அழகாகப் பேசினார். டெல் அவிவில் பிறந்த பையன், 1967 போரில் காயம்பட்ட பாராசூட் வீரன், விரலால் தடவியே ஸ்பூனை வளைத்து உலகம் சுற்றினான் என்று உருகினார். நானே கைதட்டிவிட்டேன். ஆனால் கைவித்தைதான் காரணம் என்றால், 1973 ஆகஸ்ட் 1 அன்றே அந்தக் கடையைப் பூட்டியிருக்க வேண்டுமே!

அன்று அமெரிக்காவில் ஜானி கார்சனின் டிவி நிகழ்ச்சி. கார்சன் இளவயதில் மேஜிக் செய்தவர். பாம்பின் கால் பாம்பறியும். ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் நிபுணரிடம் யோசனை கேட்டுக்கொண்டார். ஸ்பூன் உட்பட எல்லாப் பொருளும் நிகழ்ச்சிக்காரர்களுடையது. கெல்லரோ அவர் ஆட்களோ முன்கூட்டித் தொடக்கூடாது. ஏற்பாடு அவ்வளவுதான். இருபது நிமிடத்துக்கு மேல் கெல்லர் தவித்தார். தெம்பாக இல்லை என்றார். ஒன்றும் நடக்கவில்லை.

சரி, அப்புறம்? மூன்றே நாளில், ஆகஸ்ட் 4 முதல், கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் இதே மனிதருக்குச் சோதனை. நடத்தியவர்கள் ரஸல் டார்க், ஹரால்ட் புத்தாஃப் என்ற லேசர் இயற்பியலாளர்கள். கெல்லரை வெளியே நடப்பது தெரியாத தடுப்பு அறைக்குள் உட்கார வைத்து, வெளியே படம் வரைந்தார்கள்; பார்க்காமலே அவர் அதை உள்ளே வரைய வேண்டும். வெளியே 24 பழங்களோடு ஒரு திராட்சைக் கொத்து. உள்ளே அவர் வரைந்ததிலும் அதே 24! மூன்று நாளில் சத்து ஊசி ஏதும் போட்டார்களா, நடுவர் அவர்களே? அறைச் சுவரில் ஓட்டை இருந்தது என்று ராண்டி பின்னால் எழுதினார். லேசர் கதிர் யாரையும் ஏமாற்றாது. அதோடு பழகியவர்களுக்கு மனிதனைச் சந்தேகிக்கத் தெரியவில்லை.

1974 அக்டோபரில் 'நேச்சர்' என்ற பெயர்பெற்ற அறிவியல் இதழில் இந்தச் சோதனை பற்றிய அவர்களுடைய கட்டுரை வந்தது. சோதனை விவரங்கள் தெளிவாக இல்லை என்று அந்த இதழின் தலையங்கமே குறைப்பட்டது. உலோகம் வளைப்பதை நிரூபிக்கப் போதிய கட்டுப்பாட்டோடு சோதிக்க முடியவில்லை என்று கட்டுரையே ஒப்புக்கொண்டது. அதையெல்லாம் யார் படித்தார்கள்? 'நேச்சரிலேயே வந்துவிட்டார்' என்ற பேச்சுதான் ஊரெல்லாம் பரவியது. அந்த முத்திரையைக் குத்தியது யார்? கெல்லரின் விரலா?

இரண்டு பேர் சறுக்கியதற்கு எல்லா ஆராய்ச்சியாளர்களையும் குற்றம் சொல்வதா என்று எதிரணி கேட்கலாம். அதற்கு 1979-இல் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போவோம். அதீத சக்தி ஆராய்ச்சிக்கு 5 லட்சம் டாலர் நன்கொடை. ராண்டி என்ன செய்தார்? மேஜிக் தெரிந்த இரண்டு பையன்களைச் சக்தி உள்ளவர்கள் என்று ரகசியமாக அனுப்பினார். ஸ்பூன்களை முன்பே அளந்து, நூலால் அட்டை கட்டி எண் போட்டிருந்தார்கள்; பையன்கள் அட்டையை மாற்றிக் கட்டினார்கள். மறுபடி அளந்தால் அளவு மாறியிருக்கிறது, ஸ்பூன் வளைந்துவிட்டதாம்! இதில் என்ன கைத்திறமை வேண்டியிருக்கிறது? என் தங்கை மகள்கூடச் செய்வாள்.

இத்தனைக்கும் எதில் ஏமாறக்கூடும் என்று ராண்டி அந்த ஆய்வகத்துக்கு முன்பே கடிதம் எழுதியிருந்தார். பையன்களுக்கும் ஒரு கண்டிப்பான உத்தரவு: நீங்கள் ஏமாற்றுகிறீர்களா என்று யாராவது நேராகக் கேட்டால், ஆமாம், ராண்டிதான் அனுப்பினார் என்று அந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும். 1983-இல் ராண்டியே போட்டு உடைக்கும் வரை அந்தக் கேள்வியை அங்கே ஒருவரும் கேட்கவில்லை, நடுவர் அவர்களே.