வயித்துக் கிருமிக்கு எந்த மருந்து கேக்காது எண்டு டிஎன்ஏலயே எழுதியிருக்கு

வணக்கம் எல்லாருக்கும். கொழும்புல "எனக்கு கேஸ்ட்ரைட்டிஸ்" எண்டு சொல்லாத ஆளத் தேடிப் பிடிக்கிறது கஷ்டம், வெறும் வயித்துல பிளேன்டீ, பகல் சாப்பாடு பின்னேரம் மூணு மணிக்கு, ராவைக்கு கொத்து, எரிஞ்சா பாமசில ஓமெப்ரசோல் ஒரு காட். இதுல எல்லாத்துக்கும் காரணம் சாப்பாடு இல்ல. கொஞ்சப் பேருக்கு வயித்துக்குள்ள ஒரு பக்டீரியா குடியிருக்கு, பேரு ஹெலிகோபக்டர் பைலோரி, சுருக்கமா எச். பைலோரி.

(திரையில்: சுருள் வடிவ பக்டீரியா, வால் ஆட்டிக்கொண்டு சளிப்படலத்துக்குள்ள போகுது)

உலகத்துல பாதிக்குக் கிட்டவான ஆக்களுக்கு இது இருக்கும், கனபேருக்கு ஒண்டும் செய்யாது. செஞ்சா அல்சர், சிலருக்கு வருசக்கணக்கா விட்டா வயித்துப் புற்றுநோய் வரைக்கும் போகும், 1994லயே இத புற்றுநோய உண்டாக்குற காரணிகள்ட முதலாவது பிரிவுல போட்டுட்டாங்க. அவுஸ்திரேலியால பெரி மார்ஷல் எண்ட டொக்டர் 1984ல இந்தக் கிருமிய வளத்து, அந்தத் தண்ணியக் குடிச்சே காட்டினார், குடிச்சு வருத்தம் வந்து, பிறகு 2005ல ராபின் வாரனோட சேத்து நோபல் பரிசு. நீங்க யாரும் அத ட்ரை பண்ணாதீங்க.

சரி, விசயத்துக்கு வருவம். இந்தக் கிருமி இருக்கு எண்டு தெரிஞ்சா வழக்கமா குடுக்குறது ஓமெப்ரசோல் மாதிரி அமிலத்தக் குறைக்கிற குளிசை ஒண்டு, அதோட ரெண்டு அன்டிபயோட்டிக், கிளாரித்ரோமைசினும் அமொக்சிசிலினும், காலைலயும் ராவைக்கும், 14 நாள். இத குடிச்ச ஆக்கள்ட்ட கேட்டுப் பாருங்க, வாய் முழுக்க ஒரு இரும்பு ருசி, சோறும் கசக்கும். அப்பிடி ரெண்டு கிழமை கஷ்டப்பட்டு முடிச்சும் சிலருக்கு கிருமி போறதில்ல. ஏன்?

குளிசைய மறந்து விட்டது ஒரு காரணம். மத்த முக்கியமான காரணம் கிருமிக்கு அந்த மருந்து ஏற்கனவே பழக்கம்.

கிளாரித்ரோமைசின் கிருமிய எப்பிடித் தாக்குது எண்டு பாப்பம். பக்டீரியா புரதம் செய்ற மெஷின் ரைபோசோம், அந்த ரைபோசோம்ல 23எஸ் எண்ட ஒரு ஆர்என்ஏ துண்டு இருக்கு, மருந்து வந்து அதுலதான் ஒட்டும், ஒட்டினா புரதம் செய்றது நிண்டுடும், கிருமி வளராது. ஆர்என்ஏ எண்டது டிஎன்ஏயப் பாத்து எழுதின நகல், ரெண்டும் ஏ, ஜி மாதிரி நாலு எழுத்து மாறி மாறி வாற வரிசைதான். அந்தத் துண்டுல 2143வது இடத்துல ஏ எண்ட எழுத்து இருக்கணும். அது ஜியா மாறிட்டா மருந்து சரியா ஒட்டாது, அவ்வளவுதான். ஐடென்டி காட்ல பேர்ல ஒரு எழுத்து பிழையா இருந்தா பேங்க்ல கவுன்டர்ல இருக்கிற பிள்ளை "இது நீங்க இல்ல" எண்டு திருப்பி அனுப்புற மாதிரி, ஒரே ஒரு எழுத்து. பக்கத்துல 2142வது இடத்துல மாறினாலும் இதே கதைதான்.

இங்கதான் எனக்கு இந்தக் கிருமி பிடிச்சுப் போச்சு, அதாவது படிக்கிறதுக்கு. மத்த கன பக்டீரியா மருந்த எதிர்க்கிற ஜீன ஒண்டுக்கொண்டு கைமாத்திக்கொள்ளும், எங்கயிருந்து என்ன வந்துது எண்டு தேடுறது பெரிய வேலை. எச். பைலோரி பெரும்பாலும் அப்பிடி இல்ல, தன்ட சொந்த டிஎன்ஏல எழுத்துப் பிழை விட்டுத்தான் தப்புது, அதுவும் தெரிஞ்ச இடங்கள்ல. அப்ப அந்த இடங்கள வாசிச்சா போதும். 1997லயே இதுட முழு ஜீனோமையும் வாசிச்சுட்டாங்க, ஏறத்தாழ 16 லட்சத்து 70 ஆயிரம் எழுத்து.

(திரையில்: ஸ்கோப் குழாய், நுனியில சின்ன இடுக்கி)

ஸ்கோப் பண்ணேக்குள்ள, அதாவது வாயால கெமரா குழாய் விட்டு வயித்தப் பாக்கேக்குள்ள, டொக்டர் வயித்துச் சுவர்ல இருந்து அரிசி மணியிலயும் சின்னதா சதைத் துண்டு எடுப்பார். ஒரு துண்ட மஞ்சள் ஜெல் உள்ள சின்ன பிளாஸ்டிக் காட்ல அமத்துவாங்க, கிருமி இருந்தா அதுட யூரியேஸ் எண்ட நொதியம் ஜெல்ல பிங்க் ஆக்கும். பிங்க் வந்தா "பொசிட்டிவ்" எண்டு எழுதிட்டு காட்ட குப்பைல போட்டுடுவாங்க. ஆனா அந்தப் பிங்க் ஜெல்லுக்குள்ள கிடக்கிற துண்டுல கிருமிட டிஎன்ஏ அப்பிடியே இருக்கு, அதுல இருந்தே அந்த எழுத்துகள வாசிக்கலாம் எண்டு காட்டியிருக்காங்க. நான் சொல்றது, குப்பைல போறதுக்குள்ளதான் பதில் இருக்கு.

பழைய முறை என்னண்டா கிருமிய லேப்ல வளத்து மருந்த வச்சுப் பாக்குறது. இந்த ஆள் வளருறதுக்கு ஒக்சிஜன் குறைவா இருக்கணும், சாம்பிள் கொண்டு போற வழியிலயே செத்துடும், வளந்தாலும் ஒரு கிழமை, அதுக்கு மேலயும் போகும். சீக்குவன்சிங், அதாவது டிஎன்ஏ எழுத்துகள வாசிக்கிறதுக்கு, கிருமி உயிரோட இருக்கத் தேவையில்ல, டிஎன்ஏ இருந்தா காணும். சதைத் துண்டுல மனுசன்ட டிஎன்ஏதான் கூட, அதால கிருமிட தேவையான ஜீன்கள மட்டும் பிசிஆர்ல பெருக்கி எடுத்து மெஷினுக்குக் குடுப்பாங்க. மெஷின் ஒரே இடத்த நூத்துக்கணக்கான தடவை வாசிக்கும், இதுலதான் சுவாரசியம். உதாரணத்துக்கு 2143ல 80 வீதம் ஏ, 20 வீதம் ஜி எண்டு வந்தா, உங்கட வயித்துக்குள்ள ரெண்டு கூட்டம் இருக்கு, ஒண்டு மருந்துக்கு சாகும், மத்தது சாகாது. குளிசை குடிச்சா முதல் கூட்டம் போகும், இடம் காலி, மிஞ்சினது பெருகும்.

இந்தக் கிருமிக்குக் குடுக்குற மத்த அன்டிபயோட்டிக்குகளயும் பாப்பம். லெவோஃப்ளொக்சசினுக்கு வேற ஜீன், ஜைர்ஏ, அதுல 87, 91 எண்ட ரெண்டு இடம். டெட்ராசைக்கிளினுக்கு 16எஸ், அதுவும் ரைபோசோம்ல உள்ள இன்னொரு ஆர்என்ஏ துண்டு. இதெல்லாம் ஓரளவு நம்பிச் சொல்லலாம்.

மெட்ரோனிடசோல் மட்டும் தலைவலி. அந்த மருந்து உள்ள போகேக்குள்ள மருந்தே இல்ல, கிருமிட நொதியம் ஒண்டு அத மாத்தினாப் பிறகுதான் விசமாகும், அந்த நொதியத்துட ஜீன் ஆர்டிஎக்ஸ்ஏ. இதக் கெடுக்குறதுக்கு ஒரு இடம் எண்டில்ல, எங்க உடைச்சாலும் கெடும், அதால ரிப்போர்ட்ல ஒரு மாற்றத்தப் பாத்ததும் "இது எதிர்ப்பு" எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது. லேப்ல எதிர்ப்பு எண்டு வந்த கிருமியும், பிஸ்மத் எண்ட வயித்து மருந்தும் சேத்து மொத்தம் நாலு மருந்தாக் குடுக்கேக்குள்ள கனதரம் போயிடுது. ஆக டிஎன்ஏ வாசிச்சா எல்லாம் தெரியும் எண்டு யாராவது வித்தா கொஞ்சம் யோசிங்க.

இந்த எழுத்துப் பிழை கூடுறதுல எங்கட பங்கும் இருக்கு. சளி, இருமலுக்கு அசித்ரோமைசின் குடிச்சிருப்பீங்க, அதுவும் கிளாரித்ரோமைசினும் ஒரே குடும்பம், ஒண்டுக்குப் பழகின கிருமி மத்ததுக்கும் அசையாது. பிரச்சினை என்னண்டா வெள்ளை பேப்பர் பைக்கட்டுல "2 x 3" எண்டு மட்டும் எழுதிக் குடுத்த குளிசை எது எண்டு எங்களுக்கே தெரியாது. இனிமே பேர எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க, ஃபோன்ல ஒரு ஃபோட்டோவாவது எடுத்து வையுங்க. ஸ்கோப் பண்ண வெளிக்கிடேக்குள்ள "கடைசியா என்ன அன்டிபயோட்டிக்?" எண்ட கேள்விக்கு அந்த ஃபோட்டோ பெரிய உதவி.

அப்ப எல்லாரும் சீக்குவன்சிங் செய்யணுமா? என்ட அபிப்பிராயம், முதல் தரமே அவசியமில்ல. அமெரிக்க வழிகாட்டல் 2024ல சொல்றதும், எதிர்ப்பு இருக்கா இல்லையா தெரியாட்டி கிளாரித்ரோமைசின விட்டுட்டு பிஸ்மத் சேத்த நாலு மருந்தோட 14 நாள் தொடங்குங்க எண்டுதான். ஒருக்கா மருந்து தோத்த ஆளுக்குத்தான் இந்த வாசிப்பு உண்மையிலேயே பெறுமதி, திரும்ப அதே குளிசையக் குடிச்சு இன்னொரு ரெண்டு கிழமை வாய் கசக்கத் தேவையில்ல. கொழும்புல மெஷினும் ஆக்களும் இல்லாம இல்ல, கொரோனா நேரம் ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்துல வைரஸ் வேரியன்ட் எல்லாம் வாசிச்சாங்கதானே.

இன்னொண்டு, கனபேர் இத விட்டுடுறாங்க. எரிவு நிண்டா கிருமி போச்சு எண்டு அர்த்தமில்ல. அன்டிபயோட்டிக் முடிச்சு ஆகக் குறைஞ்சது 4 கிழமை கழிச்சு மூச்சு டெஸ்டோ மல டெஸ்டோ செஞ்சு பாக்கணும், அதுக்கு 2 கிழமைக்கு முன்னமே ஓமெப்ரசோல நிப்பாட்டணும், இல்லாட்டி கிருமி இருந்தும் இல்ல எண்டு காட்டும். நிப்பாட்டுறதுக்கு முதல் உங்கட டொக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.