குரல் கேட்டால் முகம்

நேயர்களுக்கு வணக்கம். வாசலில் யாரோ செருமும் சத்தம் கேட்கிறது. "அப்பா வந்துட்டார்" என்கிறோம். எட்டிப் பார்க்கவில்லை, ஆனாலும் முகம் மனசுக்குள் வந்துவிட்டது. இது வாலில்லாக் குரங்குகளுக்கும் வருமா? (நாம்தான் எல்லாவற்றையும் 'குரங்கு' என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். நான் சொல்வது சிம்பன்சி, போனபோ வகையறாவை.)

ஆப்பிரிக்கக் காடுகளில் ஒரு சிம்பன்சிக் கூட்டம் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. நாலு இங்கே, ஆறு அங்கே என்று பிரிந்துபோய் இரை தேடும்; பிறகு வேறு சேர்க்கையில் கூடும். நடுவே அடர்ந்த இலைக்கூட்டம். கண் உதவாத அந்த இடத்தில்தான் கூவல் உதவுகிறது. 'ஹூ... ஹூ...' என்று தாழத் தொடங்கும். மூச்சை இழுக்கும்போதும் ஒலி, விடும்போதும் ஒலி. வேகம் ஏறி ஏறி உச்சியில் அலறலாக வெடித்து, மெல்ல அடங்கும். ஆண் சிம்பன்சி சில சமயம் பெரிய மரத்தின் பலகை வேரைக் கையாலும் காலாலும் படபடவென அறையும். ஒரு கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும். ஆளுக்கு ஆள் கூவல் மாறும்.

ஜப்பானின் இனுயாமாவில், கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தில், 'பான்' என்ற பெண் சிம்பன்சியைச் சோதித்தார்கள். கூட்டாளியின் குரலை ஒலிக்கவிட்டுப் படங்களைக் காட்டினார்கள். கூவலைக் கேட்டும், அலறலைக் கேட்டும், பெரியவர்களைக் கண்டால் பணிந்து எழுப்பும் முனகலைக் கேட்டும் அவள் ஆளைச் சரியாகக் காட்டினாள். ('அவள்' என்றே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) 2003இல் வெளிவந்த ஆய்வு அது. ஆனால் பான் நன்றாகப் பழக்கப்பட்டவள். இந்தச் சத்தத்துக்கு இந்தப் படம் என்று மனப்பாடம் செய்திருக்கலாமே என்று எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது.

அதைப் பெருமளவு தீர்த்தவன் கான்சி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வாழ்ந்து, 2025 மார்ச்சில் 44 வயதில் இறந்த போனபோ. அவனைப் பராமரித்த இருவர் வெவ்வேறு தடுப்புகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குரல் மட்டும் கொடுத்தார்கள். பிறகு ஒருவரின் புகைப்படத்தைக் காட்டி, இவர் எங்கே என்று கேட்டார்கள். ஒளியும் இடம் மாறிக்கொண்டே இருக்கும், மனப்பாடம் கைகொடுக்காது. எந்தக் குரல் எந்தப் பக்கம், அது யாருடையது, அவர் முகம் எது என்பதெல்லாம் ஒரே நேரத்தில் நினைவில் நிற்க வேண்டும். இரண்டு பேருக்கும்! கான்சி சில முறை தவறினான். ஆனால் குருட்டாம்போக்கில் கிடைப்பதைவிட அதிக முறை, சரியான தடுப்பையே காட்டினான்.