எஜமான் போனார், குதிரைக்கு ராஜ மரியாதை: மைல்ஸ் கியோவின் கதை

அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் ஒரு குதிரை கண்ணாடிக்குள் நிற்கிறது. உயிரில்லை, பாடம் செய்த குதிரை. 1891-இல் செத்தது, இன்றும் ஆட்கள் போய்ப் பார்க்கிறார்கள். அதன் முதுகில் போருக்குப் போன மனிதரைப் பற்றித்தான் இந்த வீடியோ. பாதி வீடியோவைக் குதிரையே எடுத்துக்கொள்ளும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் மைல்ஸ் கியோ. 1840-இல் அயர்லாந்தின் கார்லோ மாவட்டத்தில் பிறந்தவர். உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறியவர் என்று நினைக்காதீர்கள். வசதியான வீட்டுப் பிள்ளை. அவருக்குச் சண்டைதான் தொழில். 1860-இல் போப்பின் படையில் சேர்ந்து இத்தாலியில் அன்கோனா கோட்டையைக் காக்கப் போனார், பிடிபட்டார். 1862-இல் நியூயார்க். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் பக்கம் நின்றார், கெட்டிஸ்பர்க் சண்டை உட்பட. 1864-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மறுபடியும் பிடிபட்டார். 24 வயதில் இரண்டு கண்டங்களில் போர்க் கைதி!

போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்தின் ஏழாவது குதிரைப்படையில் கேப்டன். சரி, இப்போது குதிரை.

1868-இல் ராணுவம் வாங்கிய குதிரைகளில் ஒன்று கியோவுக்குப் பிடித்துப்போனது. 90 டாலர் கொடுத்துத் தனக்கே வாங்கிக்கொண்டார். கமாஞ்சி என்ற பூர்வகுடி இனத்தாரோடு நடந்த மோதலில் அதற்கு அம்பு பட்டதாம், கமாஞ்சி வீரனைப் போலவே அலறியதாம். அதனால் பெயரே கமாஞ்சி.

1876 ஜூன் 25, லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரை. 1868 ஒப்பந்தத்தில் அமெரிக்க அரசு லகோட்டா என்ற பூர்வகுடி மக்களுக்கென்று எழுதிக்கொடுத்த பிளாக் ஹில்ஸ் மலையில் 1874-இல் தங்கம் கிடைத்தது. ஒப்பந்தம் காற்றில் போனது, சண்டை வந்தது. ஏழாவது குதிரைப்படையை நடத்திய கஸ்டரோடு போன சுமார் 210 பேரும் அன்றே செத்தார்கள், கியோவும். வயது 36. கழுத்தில் இருந்த கத்தோலிக்கச் சின்னத்தை யாரும் தொடவில்லை என்று உடலைக் கண்டவர்கள் சொன்னார்கள். ஆங்கிலேயரிடம் நிலத்தை இழந்த நாட்டில் பிறந்துவிட்டு, இன்னொருவர் நிலத்தைப் பிடுங்கும் படையில் நின்றிருக்கிறார். எனக்குப் பரிதாபத்தைவிட எரிச்சல்தான் அதிகம். உங்களுக்கு எப்படி? கமெண்டில் சண்டை போடலாம்.

இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், உடம்பெல்லாம் காயத்தோடு கமாஞ்சி உயிரோடு நிற்கிறது. கியோவின் இடது முழங்காலை நொறுக்கிய குண்டுதான் அதன் உடம்பிலும் பாய்ந்தது என்று பின்னால் கணித்தார்கள். நீராவிப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். பத்திரிகைகளில் அது ‘உயிர் தப்பிய ஒரே ஜீவன்’ ஆகிவிட்டது. சுத்தப் பொய். ராணுவக் குதிரைகள் எத்தனையோ, சண்டையில் வென்ற பூர்வகுடி மக்கள் கைக்குப் போயின. அந்த வென்றவர்களும்தான் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள், அவர்களை யாரும் கணக்கிலேயே சேர்க்கவில்லை!

அப்புறம் 1878-இல் எழுத்தில் ஒரு உத்தரவு. இனி இந்தக் குதிரை மேல் யாரும் ஏறக்கூடாது, வேலை வாங்கக்கூடாது. விழா நாளில் சேணம் பூட்டி, துக்கத் துணி போர்த்தி, கியோவின் பழைய படைப்பிரிவு வீரர் ஒருவர் நடத்திச் செல்ல வேண்டும். மற்ற நாளெல்லாம் கோயில் காளைதான். முகாம் முழுக்கச் சுற்றும், தோட்டத்தை மேயும், விரட்ட ஆளில்லை. வீரர்கள் பீர் வேறு ஊற்றிப் பழக்கிவிட்டார்கள். நம்மில் எத்தனை பேருக்கு இப்படி ரிட்டயர்மென்ட் கிடைக்கும்?

1891-இல் வயிற்று வலி வந்து செத்தது. லூயிஸ் டைச் என்பவர் பாடம் செய்து கொடுத்தார். கூலி 400 டாலர் ராணுவத்திடமிருந்து வரவே இல்லை, அதனால்தான் குதிரை பல்கலைக்கழகத்திலேயே தங்கிவிட்டது என்று ஒரு கதை உண்டு. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கும் போய்வந்தது.

கியோவை முதலில் விழுந்த இடத்திலேயே புதைத்தார்கள். 1877-இல் தோண்டி எடுத்து, அவர் கேட்டிருந்தபடியே நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் ஊரில் அடக்கம் செய்தார்கள். அந்தப் பக்கம் யாராவது இருந்தால் கல்லறையைப் படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் போடுகிறேன். குதிரைப் படம் வேண்டாம், நிறைய இருக்கிறது.