சிங்கப்பூரிலிருந்து வந்த போன்

(மதுரையில் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களிடையே ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் சொந்தக்காரர் இருப்பவர்கள் கை தூக்குங்கள், பார்ப்போம். (பாதி அரங்கம் கை தூக்குகிறது.) அதுதானே! மேலூர், திருப்பத்தூர், தேவகோட்டைப் பக்கம் எந்தத் தெருவில்தான் இல்லை? கையைத் தூக்கியது ஞாபகம் இருக்கட்டும். பின்னால் வேலை இருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. மதுரையில் பஸ் ஏறினால் பரமக்குடி போய் இறங்கிவிடலாம், அவ்வளவு நேரம். ஹவாய்த் தீவில் இருக்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தின் கருவிகள் சில நிமிடங்களிலேயே அதிர்வைப் பிடித்துவிட்டன. ஆனால், இந்தியப் பெருங்கடல் நாடுகளில் யாரைக் கூப்பிட்டு எச்சரிப்பது? அதற்கென்று ஓர் ஏற்பாடும் அன்றைக்குக் கிடையாது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். இருபது வருடம் கடந்தும் அந்த இரண்டு மணி நேரம் என் நெஞ்சை அறுக்கிறது.

அதே காலையில், புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்கிற மீனவர் ஊரில் வேறொன்று நடந்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். சுமத்ரா செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். கடல்தண்ணீர் உள்ளே வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். உடனே வெளியேறுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள் என்றார். ஊர்க்காரர்கள் பூட்டியிருந்த தகவல் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள். ஊரே எழுந்து ஓடியது. 3,600 பேருக்கு மேல் உயிர் தப்பினார்கள்.

அந்த ஒலிபெருக்கி அங்கே எப்படி வந்தது? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் தொடங்கிய திட்டம் அது. சுனாமிக்காக யாரும் அதை வைக்கவில்லை. அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி, அன்றாடம் மீனவருக்கு வேண்டிய தகவலைச் சொல்லத்தான் வைத்தார்கள். தினமும் கேட்டுப் பழகிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து வந்ததால்தான் 'ஓடுங்கள்' என்றதும் சனம் நம்பி ஓடியது. பன்னாட்டுக் கூட்டுறவு என்றால் என் மனதில் முதலில் வருவது ஒப்பந்தக் கையெழுத்து அல்ல, இந்தக் குழாய்தான்.

அதற்குப் பிறகு உலகம் விழித்துக்கொண்டது. யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் முன்னின்று இந்தியப் பெருங்கடல் நாடுகளை ஒன்று சேர்த்தது. தொடக்கத்தில் ஜப்பானும் அமெரிக்காவும் எச்சரிக்கை தந்தன. 2007-இல் ஐதராபாத்தில் நம் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2011 முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் இந்தக் கடல் முழுவதற்கும் செய்தி தருகின்றன. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ரா அருகே 8.6 அளவில் மறுபடி அதிர்ந்தபோது செய்தி உடனே வந்தது. நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை.

'மதுரைக்குக் கடலா இருக்கிறது ஐயா?' என்று நீங்கள் கேட்கலாம். 2018-இல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் திண்டுக்கல், கொடைக்கானல் மலை வரை வந்து மரங்களைச் சாய்த்ததே. 'கஜா' என்ற அந்தப் பெயரே இலங்கை கொடுத்தது. வங்கக் கடலும் அரபிக் கடலும் சூழ்ந்த நாடுகள் ஒன்றுகூடித்தான் புயலுக்குப் பெயர் வைக்கின்றன, தகவல் பகிர்கின்றன.

நம் வைகையைப் பாருங்கள். அணை நீர்மட்டம் 66 அடி ஆனால் முதல் எச்சரிக்கை, 68.5-க்கு இரண்டாவது, 69-க்கு மூன்றாவது. ஐந்து மாவட்டங்களுக்குச் செய்தி போகும். நான் வேலையில் இருந்த காலத்தில், ஒரு மழை வருடம், மூன்றாவது எச்சரிக்கைக் கடிதம் என் மேசைக்கு நேரத்தோடு வந்துவிட்டது. ஆற்றுக்குள் துணி வெளுத்துக்கொண்டிருந்த பெரியவருக்கு வரவில்லை. வெள்ளம் அவர் துணி மூட்டைகளை அடித்துக்கொண்டு போனது, ஆள் தப்பினார். மறுநாள் கேட்டார்: "கடுதாசி வந்துச்சு சரிங்கய்யா, எங்களுக்கு யாரு சொன்னா?" என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்கு நாடளவில் பதில் தேடியது வங்கதேசம். 1970 நவம்பர்ப் புயலில் அங்கே மூன்று லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். 1972-இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் உலகக் கூட்டமைப்போடு சேர்ந்து தொண்டர் படை ஒன்றைக் கட்டினார்கள். கையில் கொடி, மெகாபோன், சைக்கிள். வீடு வீடாய்ப் போய்ச் சொல்வதுதான் வேலை. 1991 புயலிலும் ஏறக்குறைய 1,38,000 பேர் போனார்கள். ஆண்களைவிடப் பெண்களே அதிகம். வீட்டையும் பிள்ளையையும் விட்டுக் கிளம்ப முடியாதவர்கள் அவர்கள்தானே. பிறகு பெண் தொண்டர்களைப் பெருமளவில் சேர்த்தார்கள். பெண் வந்து கூப்பிட்டால் பெண் கிளம்புவாள். 2007-இல் சிடர் என்ற கடும்புயலில் இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் துயரம்தான். ஆனால் 1970-ஐ நினைத்துப் பாருங்கள்.

வெளிநாட்டுப் பணம் வந்தால் முதலில் கருவி வாங்குகிறோம், கட்டடம் எழுப்புகிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. தெருவில் நின்று குரல் கொடுக்கும் மனுஷிக்கு அதில் ஒரு பங்கு எழுதி வைக்கச் சொல்கிறேன். ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு ஊர்களை 2020-இல் யுனெஸ்கோ 'சுனாமிக்குத் தயாரான ஊர்' என்று அங்கீகரித்தது. எந்த வழியாக ஓடுவது, எங்கே கூடுவது என்று வரைபடம் போட்டு, ஒத்திகை பார்த்துப் பழகிய ஊர்கள். 2027-க்குள் உலகில் ஒவ்வொருவருக்கும் முன்னெச்சரிக்கை என்று ஐ.நா. இலக்கு வைத்திருக்கிறது. அந்த 'ஒவ்வொருவரில்' நம் மதுரைச் செல்லூர்க்காரரும் உண்டு. 2024 அக்டோபர் 25-ஆம் தேதி பெய்த மழையில் அங்கே வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குச் செல்லூர்க் கண்மாய்க் கரைக்கு வாருங்கள். அங்கிருந்து பந்தல்குடி வாய்க்கால் வைகையில் சேரும் இடம்வரை நடப்போம். எந்த வீட்டில் படுத்த படுக்கையாய் முதியவர், எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்தக் கோயிலில் ஒலிபெருக்கிக் குழாய் இருக்கிறது, சாவி யாரிடம் என்று எழுதிக்கொள்வோம். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் போன் நம்பரையும் வாங்கிக்கொள்வோம். நோட்டும் பேனாவும் எடுத்து வாருங்கள். டீ என் செலவு.