இறகுக்குள் ஒரு கை

நேயர்களுக்கு வணக்கம்.

லிஜ்ஜத் பப்படம் விளம்பரத்தில் ஒரு முயல் வருமே, கர்ரம் குர்ரம் என்று சிரித்துக்கொண்டு, ஞாபகம் இருக்கிறதா? மும்பையில் வளர்ந்தவர்களுக்கு அது மறக்காது. அந்த முயலை ஆட்டியவர் நம் ஊர்க்காரர், ராம்தாஸ் பாத்யே. அவருடைய அப்பா காலத்திலிருந்தே அந்த வீட்டில் அர்தவட்ராவ் என்ற பேசும் பொம்மை ஒரு மூத்த உறுப்பினர் மாதிரி இருந்துவருகிறது. முயலைப் பற்றிக் கேட்டால் யாரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆட்டியவர் பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். பொம்மலாட்டக்காரர்களின் தலையெழுத்தே அதுதான். ஆட்டம் நன்றாக இருந்தால் ஆட்டக்காரர் காணாமல் போய்விடுவார்.

வானொலியில் பேசுகிறவளும் கண்ணுக்குத் தெரியாதவள்தான், அதனால் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. தாராவியில் ஒரு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ரொம்ப காலம் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். எந்நேரமும் கையில் ஒரு சாக்ஸ் பொம்மை இருக்கும். நான் பேச வந்திருப்பது கரோல் ஸ்பின்னி என்ற அமெரிக்கரைப் பற்றி. பெயரைக் கேட்டால் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் குழந்தைகள் டிவி நிகழ்ச்சியில் வரும் அந்தப் பெரிய மஞ்சள் பறவை, பிக் பேர்ட், அதற்குள் இருந்தவர் என்றால் தெரியும். 1969-இல் அந்த இறகுக்குள் புகுந்தவர், 2018 வரைக்கும் அந்தப் பறவையை விடவில்லை. கடைசிச் சில வருடம் உடம்பு ஒத்துழைக்காததால் குரல் மட்டும் கொடுத்தார். 2019 டிசம்பரில் காலமானார். அன்றைக்கு உலகம் முழுக்க, நடுவயது தாண்டியவர்கள் எல்லாம் ஒரு பறவைக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டுக்குப் பிக் பேர்ட் எப்படி வந்தது என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளில் என் அத்தை மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போதெல்லாம் டிவியில் பதிவு செய்த கேசட்டுகளைக் கொண்டுவருவான். சாயனில் எங்கள் கட்டடத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் விசிஆர். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் குழந்தைகள் எல்லாம் அங்கே ஆஜர். அமெரிக்கக் கேசட்டுக்கும் நம் ஊர் டிவிக்கும் ஒத்துவராது. படம் ஓடும், கலர் வராது. ஆக, உலகத்துக்கெல்லாம் மஞ்சளாயிருந்த பறவை எங்கள் கட்டடத்துக்கு மட்டும் சாம்பல் நிறம். அப்புறம் அவன் ஒரு படப் புத்தகம் அனுப்பினான், பளிச்சென்று மஞ்சள் பறவை. என் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது வேற பறவை. நம்ம பறவையோட சித்தப்பா" என்றாள். இங்கிலீஷ் அவளுக்குப் பாதி புரியாது. ஆனால் அந்தப் பறவை தப்புத் தப்பாக எதையாவது சொல்லும்போது மட்டும் சரியாகச் சிரிப்பாள்.

அதைத்தான் நான் கவனித்தேன். நான் சொல்ல வந்ததும் அதுதான். அந்தப் பறவைக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் அதைப் பிடித்தது.

அந்தப் பறவை ஏன் பிறந்தது என்பதே ஒரு நல்ல கதை. செசமி ஸ்ட்ரீட்டைத் தொடங்கும்போது, பொம்மையையும் மனிதரையும் ஒரே தெருவில் நடமாட விட்டால் குழந்தைகள் எது நிஜம், எது கற்பனை என்று குழம்பிவிடுவார்கள் என்று நிபுணர்கள் சொன்னார்களாம். சரி என்று பொம்மைகளுக்குத் தனியிடம், தெருவில் மனிதர்கள் மட்டும் என்று எடுத்தார்கள். ஒளிபரப்புக்கு முன்னால் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பொம்மை வந்தால் பார்க்கிறார்கள். பெரியவர்கள் மட்டும் தெருவில் நின்று பேசினால் வேறு பக்கம் பார்க்கப் போய்விடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த யாரைக் கேட்டிருந்தாலும் இதை முதலிலேயே சொல்லியிருப்போம்! உடனே அந்த நிகழ்ச்சியின் பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சனைக் கூப்பிட்டார்கள். தெருவுக்கென்றே அவர் இரண்டு பேரைக் கொண்டுவந்தார். ஒன்று நம் பறவை. இன்னொன்று குப்பைத் தொட்டியில் குடியிருக்கும் ஆஸ்கர், எப்போதும் சிடுசிடு. இரண்டையும் ஆட்டியவர் ஒரே ஆள், ஸ்பின்னிதான். ஆஸ்கருக்குக் குரல் எங்கே கிடைத்தது தெரியுமா? நியூயார்க்கில் அவர் ஏறிய ஒரு டாக்சியின் டிரைவரிடமிருந்து. நம் ஊர் டாக்சியில் ஏறுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஹென்சன் ஸ்பின்னியைப் பிடித்ததும் இப்படித்தான். சால்ட் லேக் சிட்டியில் பொம்மலாட்டக்காரர்களின் விழா. ஸ்பின்னி ஏதோ புதுமையாக, பின்னால் திரையில் படம் ஓட, முன்னால் பொம்மை ஆட என்று ஏற்பாடு செய்திருந்தார். மேலே இருந்து ஒரு பெரிய விளக்கு நேராகத் திரையில் அடித்துப் படம் எல்லாம் வெளுத்துப் போய்விட்டது. ஆட்டம் அம்போ. முடிந்ததும் ஹென்சன் மேடைக்குப் பின்னால் வந்து, நீங்கள் செய்யப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது என்றார். ஆட்டம் பிரமாதம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். செய்யப் பார்த்தது பிடித்திருந்தது என்றார். ஒரு வாத்தியார் ஒரு பிள்ளையிடம் இதைவிட நல்லதாக எதையும் சொல்லிவிட முடியாது.

இப்போது அந்த உடுப்புக்குள் வாருங்கள். எட்டு அடிக்கு மேல் உயரம். மேலே முழுக்கச் சாயம் போட்ட வான்கோழி இறகு. உள்ளே இருப்பவர் வலது கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கியிருக்க வேண்டும். அந்தக் கைதான் பறவையின் கழுத்தும் தலையும். விரல்கள் அலகைத் திறந்து மூடும். சுண்டு விரல் கண்ணிமையை அசைக்கும். வருத்தமாகப் பார்க்க வேண்டுமா, சுண்டு விரல். ஆச்சரியமா, அதே சுண்டு விரல். இடது கை ஒரு சிறகுக்குள். வலது சிறகுக்குக் கை ஏது? மீன் பிடிக்கும் நரம்பு ஒன்று கழுத்துக்குக் கீழே வளையத்தில் போய் இரண்டு சிறகையும் கட்டியிருக்கும். இடது சிறகு இறங்கினால் வலது ஏறும். உள்ளே இருப்பவருக்கு வெளியே எதுவும் தெரியாது. அதற்காக நெஞ்சில் ஒரு குட்டி டிவியைக் கட்டிக்கொண்டு, கேமரா பார்க்கும் படத்தைத் தானும் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். அந்தப் படத்தில் வலம் இடமாக, இடம் வலமாக... இதைப் படம் போட்டுத்தான் காட்ட வேண்டும், ரேடியோவில் முடியாது. விடுங்கள்.

நீங்கள் சும்மா வலது கையை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். லோக்கல் ரயிலில் மேல் கைப்பிடியைப் பிடித்துத் தொங்குகிற அதே தோரணைதான். சாயனிலிருந்து வி.டி. ஸ்டேஷனுக்குப் போவதற்குள் தோள் கழன்றுவிடும் போலிருக்கும். நமக்காவது கைப்பிடி நம்மைத் தாங்குகிறது. அவர் கை அந்தத் தலையைத் தாங்க வேண்டும், பேச வேண்டும், சிரிக்க வேண்டும். எழுபது வயது தாண்டியும் அதைச் செய்தார். தெருவில் நடந்துபோனால் யாருக்கும் அவரை அடையாளம் தெரியாது. அது அவருக்குச் சௌகரியமாகவே இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் கையைத் தூக்கியதற்காக மட்டும் யாரும் ஐம்பது வருடம் ஒருவரை நேசிக்கமாட்டார்கள். அவர் செய்த பெரிய காரியம் வேறு. முதலில் அந்தப் பறவையை ஒரு அசட்டுப் பட்டிக்காட்டான் மாதிரிதான் ஆட்டினார்கள். தலையில் இறகுகூட அவ்வளவாக இருக்காது. ஸ்பின்னிதான் கொஞ்ச நாளில், இது ஒரு குழந்தையாக இருக்கட்டுமே என்றார். அப்படித்தான் அந்தப் பறவை சிறு பிள்ளை ஆனது. அசடு என்றால் பார்த்துச் சிரிப்போம். குழந்தை என்றால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வோம். திரும்பவும் சொல்கிறேன், அந்தப் பறவைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் தெரிந்துகொள்ளும் ஆசை உண்டு.

என் வகுப்பில் ஒரு பெண். அப்பா திருநெல்வேலிப் பக்கம், தாராவியில் தோல் வேலை. ஜூனில் சேர்ந்தவள் தீபாவளி வரை வாயைத் திறக்கவில்லை. ஊமையோ என்றுகூடச் சிலர் சொன்னார்கள். என் கையில் கறுப்புச் சாக்ஸில் ஒரு காக்கா உண்டு. அந்தக் காக்காவுக்குப் படிப்பு ஏறாது. ஒரு நாள் அது கரும்பலகையில் மழை என்பதை "மளை" என்று எழுதிவிட்டு ரொம்பப் பெருமையாக நின்றது. அந்தப் பெண் நேராக எழுந்து வந்தாள். காக்காவின் மூக்கைப் பிடித்து இழுத்தாள். "ஏ மக்குக் காக்கா, அது இந்த ள இல்ல, சிறப்பு ழ!" வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மணிக்கட்டுக்கு மேலே டீச்சர் என்று ஒரு ஆள் இருப்பதே அவள் கணக்கில் கிடையாது. சாக்ஸுக்குள் இருப்பது என் கை என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். குழந்தைகளுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் தெரியும். குழம்புகிறவர்கள் நாம்தான்.

இந்தப் பறவை செய்த இன்னொரு காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தத் தெருவில் ஹூப்பர் என்று ஒரு கடைக்காரர். பறவை அவர் பெயரைச் சரியாகச் சொன்னதே இல்லை, லூப்பர் என்றே கூப்பிடும், அவரும் திருத்தித் திருத்தி அலுத்துப் போவார். அந்த வேடத்தில் நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துவிட்டார். ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். நம் வீடுகளில் அப்படித்தானே சொல்கிறோம், தாத்தா சாமிகிட்டப் போயிருக்கார் என்று? அவர்கள் உள்ளதைச் சொல்வது என்று முடிவெடுத்தார்கள். 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பினார்கள். குடும்பம் முழுக்க வீட்டில் கூடியிருக்கும் விடுமுறை நாளாகப் பார்த்து.

பறவை தெருவில் எல்லாரையும் படம் வரைந்து ஆளுக்கொன்றாகக் கொடுக்கிறது. நிஜத்தில் அந்தப் படங்களை வரைந்ததும் ஸ்பின்னிதான். கடைசியில் ஒரு படம் மிச்சம், ஹூப்பருடையது. அவர் வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது பறவை. அவர் இறந்துவிட்டார், ஞாபகம் இல்லையா என்கிறார்கள். ஞாபகம் இருக்கிறது, திரும்பி வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது. செத்தவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று ஒவ்வொருவரும் மெதுவாகச் சொல்கிறார்கள். பறவை ஏன், ஏன் என்று கேட்கிறது. ஏன் என்றால், அவ்வளவுதான் என்பதற்கு மேல் பெரியவர்களிடம் பதில் இல்லை. அங்கே நின்ற நடிகர்களின் கண்ணீர் நிஜம். இந்தக் கேள்வியை ஒரு டீச்சர் வந்து பாடமாக நடத்தியிருந்தால் எந்தக் குழந்தையும் கேட்டிருக்காது. புரியாத ஒருவன் நடுவில் நின்று கேட்டதால்தான் வீட்டில் இருந்த குழந்தையும் கேட்டது.

ஹென்சன் 1990-இல் இறந்தபோது அஞ்சலிக் கூட்டத்துக்கு யாரும் கறுப்பு உடுத்தக்கூடாது என்பது அவர் விருப்பம். நியூயார்க்கின் அந்தப் பெரிய தேவாலயத்தில் பிக் பேர்ட் மெல்ல நடந்து வந்து, ஹென்சனின் தவளை கெர்மிட் பாடிய பாட்டைப் பாடியது. முடித்து மேலே பார்த்து, நன்றி கெர்மிட் என்றது. உள்ளே வலது கையைத் தூக்கிக்கொண்டு இருந்தவரின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் ஆட்டக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. தஞ்சாவூர்ப் பக்கத்து மரப்பாவை நாலரை அடி உயரம், பத்துக் கிலோ எடைகூட இருக்கும். அதன் கயிறுகளை ஒரு இரும்பு வளையத்தில் கட்டி, ஆட்டுகிறவர் அதைக் கிரீடம் மாதிரித் தலையில் மாட்டிக்கொள்வார். கையில் கம்பி, தலையில் கயிறு. தெற்கே தோல்பாவைக் கூத்தில் ராமாயணம் விடிய விடிய நடக்கும், ஆனால் சின்னப் பிள்ளைகள் தூங்காமல் காத்திருப்பது ராமனுக்காக இல்லை. உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் எப்போது வருவார்கள் என்றுதான். ஒன்றும் தெரியாத இரண்டு பேர், பார்த்தீர்களா? இவர்களைப் பற்றி இன்னும்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். 2006-இல் டெல்லியில் எடுத்த, செசமி ஸ்ட்ரீட்டின் இந்திய வடிவமான கலி கலி சிம் சிம் பற்றியும், அதில் பள்ளிச் சீருடையில் வரும் சம்கி பொம்மை பற்றியும் இரண்டு பக்கம் எழுதி வந்திருக்கிறேன், அது போகட்டும். சாக்ஸ் பொம்மை எப்படிச் செய்வது என்பதை மட்டும் ஓடிக்கொண்டே சொல்லிவிடுகிறேன். சாக்ஸைக் கையில் மாட்டுங்கள், நாலு விரல் மேல் வாய், கட்டைவிரல் கீழ் வாய். பேசும்போது மேல் விரல்களைத் தூக்காதீர்கள், கட்டைவிரலைக் கீழே இறக்குங்கள், இல்லாவிட்டால் பொம்மை வானத்தைப் பார்த்துப் பேசும். சத்தம் வரும்போது வாய் திறக்கட்டும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் மாற்றித்தான் செய்வார்கள். கண்ணுக்கு இரண்டு சட்டைப் பட்டன், தள்ளித் தள்ளி வேண்டாம், நெருக்கமாகத் தையுங்கள், அப்போதுதான் எதிரே இருப்பவரைப் பார்க்கிற மாதிரி இருக்கும். பழைய சாக்ஸ்தான் நல்லது, புதுசு விறைத்துக்கொண்டு நிற்கும். துவைத்துவிட்டு ஆரம்பியுங்கள். நன்றி, வணக்கம்.