ஓஸ்ட்ராவாவின் 18 மாணவர்கள்

நண்பர்களே, வணக்கம்.

இனப் பாகுபாட்டை நீதிமன்றத்தில் எதிர்ப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன்.

செக் குடியரசின் ஓஸ்ட்ராவா, நிலக்கரியையும் இரும்பையும் நம்பி வளர்ந்த நகரம். 1990களில் அங்கே, ஐரோப்பாவில் நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டு வரும் சிறுபான்மையினரான ரோமா இனத்தின் குழந்தைகள் கூட்டம் கூட்டமாகச் சிறப்புப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட பள்ளிகள் அவை. பாடம் குறைவு. அங்கே படித்தவருக்கு மேற்படிப்பு பெரும்பாலும் எட்டாக்கனி.

ரோமா பிள்ளைகளை அங்கே அனுப்பு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அறிவுத்திறன் சோதனை நடந்தது, தலைமையாசிரியர் முடிவெடுத்தார், பெற்றோரும் கையெழுத்துப் போட்டார்கள். தாளில் எல்லாம் சரியாக இருந்தது. அதிகாரியின் கெட்ட எண்ணத்தை நிரூபிக்கக் கிளம்பினால், எந்தக் கோப்பிலும் அது அகப்படாது.

புடாபெஸ்டிலிருந்து இயங்கிய ஐரோப்பிய ரோமா உரிமை மையம் என்ற தன்னார்வ அமைப்பு வேறு வழியில் போனது. தலைகளை எண்ணியது. ஓஸ்ட்ராவாவின் தலைமையாசிரியர்களுக்கே கேள்வித்தாள் கொடுத்து, மொத்தம் எத்தனை மாணவர்கள், அதில் ரோமா எத்தனை பேர் என்று கேட்டு வாங்கியது. சிறப்புப் பள்ளிகளில் ரோமா மாணவர்கள் 762, மற்றவர்கள் 598. வழக்கமான பள்ளிகளிலோ 33,372 பேரில் ரோமா வெறும் 2.26 சதவீதம். அந்த நகரத்து ரோமா மாணவர்களில் பாதிப் பேர் சிறப்புப் பள்ளியில். மற்றவர்களில் அங்கே இருந்தது 1.8 சதவீதம்தான். ஓர் இனத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மூளை வளரவில்லை என்று யாராவது நெஞ்சறியச் சொல்ல முடியுமா?

18 மாணவர்கள் பெயரில் வழக்கு போனது. அவர்களில் 12 பேரின் முறையீட்டை 1999இல் செக் அரசியல் சாசன நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தனித்தனி மாணவரின் சங்கதியைத்தான் பார்ப்போம், சமூக நிலவரத்தை எடைபோடுவது எங்கள் வேலையல்ல என்றது. 2000இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 பிப்ரவரியில் அங்கேயும் தோல்வி, ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் எதிராக. அதோடு விட்டிருந்தால் இன்று நான் இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன். அதே நீதிமன்றத்தில் 17 நீதிபதிகள் கொண்ட பேரமர்வுக்குக் கொண்டுபோனார்கள். 2007 நவம்பர் 13இல் 13 பேர் மாணவர்கள் பக்கம் நின்றார்கள்.

அந்தத் தீர்ப்பை முழுசாகப் படியுங்கள். நம்பகமான புள்ளிவிவரம் பாகுபாட்டுக்கு முதல்நிலைச் சான்றாகும், அதன்பின் விளக்கம் சொல்லும் பாரம் அரசுடையது, உள்நோக்கத்தை மாணவர்கள் நிரூபிக்க வேண்டியதில்லை என்றது. எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது, அந்தக் கையெழுத்தைப் பற்றி அது சொன்னது. பெற்றோர் ஒப்பமிட்டது ஏற்கெனவே நிரப்பி வைத்த படிவத்தில். வேறு பள்ளிக்கு வழியுண்டா, பாடத்தில் என்ன வித்தியாசம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதிகம் படிக்காத, ஒதுக்கப்பட்ட ஒரு தாய் அதில் ஒப்பமிட்டதைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? இனப் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமையை ஒருவர் விட்டுக்கொடுத்ததாக ஏற்கவே முடியாது என்று நீதிமன்றம் அடித்துச் சொல்லிவிட்டது. உலகத்தின் எந்த மூலையிலும், ஏழையின் ஒப்பத்தைக் காட்டி அதிகாரம் தப்பித்துக்கொள்ளும் இடத்தில், இந்த வாதத்தை எடுத்து வைக்கலாம்.

தீர்ப்பு வந்தபோது அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். 1985க்கும் 1991க்கும் இடையில் பிறந்தவர்கள் அவர்கள். தலைக்கு 4,000 யூரோ இழப்பீடு கிடைத்தது, போன படிப்பு போனதுதான். அரசு பள்ளிச் சட்டத்தை மாற்றியும் பழைய பிரிவினை சட்டென்று ஒழியவில்லை. தீர்ப்பு நிறைவேறுகிறதா என்று ஐரோப்பிய கவுன்சிலின் அமைச்சர்கள் குழு ஆண்டுக்கணக்கில் செக் அரசைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது. வழக்கறிஞர்களும் ஓயவில்லை. 2010இல் குரோஷியாவின் ரோமா தனி வகுப்புகள் அதே நீதிமன்றத்தில் வீழ்ந்தன. 2013இல் ஹங்கேரியைச் சேர்ந்த இரண்டு ரோமா இளைஞர்கள், தங்களை மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்திய சோதனையையே கூண்டில் ஏற்றி, ஓஸ்ட்ராவா தீர்ப்பைக் காட்டி ஜெயித்தார்கள்.