பத்து டாலர் கார்பைன்

சபையோருக்கு வணக்கம்.

1865ஆம் வருடம் மே 30ஆம் தேதி அமெரிக்கப் போர்த்துறை ஓர் உத்தரவு போட்டது. பொது உத்தரவு எண் 101. உள்நாட்டுப் போர் முடிந்து ஊருக்குத் திரும்புகிற சிப்பாய்கள், விருப்பப்பட்டால் தங்கள் ஆயுதத்தை விலை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்றது அந்த உத்தரவு. விலையையும் அதிலேயே போட்டிருந்தார்கள். மஸ்கட் என்கிற காலாட்படையின் நீளத் துப்பாக்கி 6 டாலர், வாள் 3 டாலர், ரிவால்வரும் மற்ற கார்பைன்களும் 8 டாலர். ஸ்பென்சர் கார்பைனுக்கு மட்டும் 10 டாலர். அன்றைக்கு ஒரு சாதாரணக் குதிரைப்படைச் சிப்பாயின் மாதச் சம்பளமே 16 டாலர்தான்.

சம்பளத்தில் பாதிக்கு மேல் கொடுத்து ஏன் வாங்கினார்கள்? எனக்கும் முதலில் புரியவில்லை. ஒரு ஸ்பென்சரைக் கையில் வாங்கிப் பார்த்த அன்றுதான் புரிந்தது.

ஓர் அருங்காட்சியகத்தின் கிடங்கில், பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு அதை வாங்கினேன். ஏறக்குறைய மூன்றே முக்கால் கிலோ. குழல் 22 அங்குலம். காலாட்படைத் துப்பாக்கியை விட நன்றாகக் குட்டை. குதிரைமேல் உட்கார்ந்துகொண்டு நீளத் துப்பாக்கியைத் திருப்ப முடியாது, குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டிக் கோலால் இடிக்கவும் முடியாது. அதனால்தான் குதிரைப்படைக்கென்று பின்பக்கமாகத் தோட்டா போடுகிற குட்டைத் துப்பாக்கி வந்தது. கார்பைன் என்பது அதுதான்.

ஸ்பென்சரில் தோட்டா இருக்குமிடம் அடிக்கட்டைக்குள். கட்டையின் பின்தகட்டில் ஒரு குழாயைத் திருகி உருவி, ஏழு தோட்டாவை உள்ளே விட்டு மறுபடி மூடிவிட வேண்டும். அப்புறம் விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தைக் கீழே தள்ளினால் வெடித்த தோட்டாவின் வெறும் கூடு வெளியே விழும். மேலே இழுத்தால் புதுத் தோட்டா உள்ளே போகும். சுத்தியலை மட்டும் ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து ஏற்ற வேண்டும். அந்தச் சுத்தியலுக்குத் தமிழில் குதிரை என்றே பேர். குதிரைப்படைக்காரர் குதிரை ஏற்றிச் சுடுகிறார்! ஏழு தடவை, தரையில் இறங்காமல், மருந்துப் பையைத் திறக்காமல். எதிரே நிற்பவரிடம் இருப்பதோ பெரும்பாலும் ஒரு வெடி வெடித்துவிட்டு மறுபடி இடிக்க வேண்டிய துப்பாக்கி. உயிரோடு ஊருக்குப் போகிற ஒருவருக்கு, தன்னை உயிரோடு வைத்திருந்த அந்தப் பொருளுக்கு 10 டாலர் பெரிதாகத் தோன்றியிருக்காது.

இதைச் செய்தவர் கனெக்டிகட்காரரான கிறிஸ்டோபர் ஸ்பென்சர். 1860இல் காப்புரிமை வாங்கினார். பாஸ்டனில் ஒரு பியானோ தொழிற்சாலைக் கட்டடத்தில் இடம் பிடித்துத் துப்பாக்கி செய்தார்கள். 1863 ஆகஸ்டில் அதிபர் லிங்கனே வாஷிங்டனில் அதைச் சுட்டுப் பார்த்தார். அந்த வருடக் கடைசியில் கார்பைன்கள் படைக்கு வர ஆரம்பித்தன. 1866 நடுப்பகுதிக்குள் 90,000க்கு மேல் வாங்கிவிட்டது அரசாங்கம்.

சரி, அந்தத் தொண்ணூறு ஆயிரத்தில் ஒன்று இன்று உங்கள் கையில் இருக்கிறது. அது யாருடையது?

துப்பாக்கியையே முதலில் கேளுங்கள். இடது பக்கத்தில் ஓர் இரும்புச் சட்டம், அதில் ஒரு வளையம். சிப்பாயின் தோளிலிருந்து குறுக்கே வரும் தோல்வாரின் கொக்கி அந்த வளையத்தில் மாட்டும். நான் பார்த்ததில் அந்தச் சட்டம் ஓர் இடத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. வளையம் ஆடி ஆடி உரசின இடம். குழலின் முனைப்பக்கமும் தேய்ந்திருந்தது. சேணத்தில் கட்டியிருக்கும் தோல்கூட்டுக்குள் குழல்முனையைச் செருகிக்கொண்டுதான் சவாரி போவார்கள். மைல் கணக்கில் குதிரை ஓடிய தேய்மானம் அது. ஆனால் தேய்மானத்தில் பேர் இருக்காது.

பேருக்குக் காகிதத்திடம் போக வேண்டும். துப்பாக்கியின் மேற்புறத்தில் வரிசை எண் குத்தியிருப்பார்கள். அந்த எண்ணோடு ஒரு சிப்பாயின் பேரும் சேர்ந்து எழுதப்பட்ட கம்பெனித் தாள், அதாவது அவர் இருந்த சிறு படைப்பிரிவின் பதிவுத் தாள், ஏதாவது பிழைத்திருந்தால் அதிர்ஷ்டம். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இப்படிப்பட்ட தாள்களை வருடக்கணக்கில் புரட்டி, எண்களைத் தொகுத்த ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்தது பெரிய தொண்டு என்பேன். பேர் மட்டும் கிடைத்துவிட்டால் அப்புறம் கதவுகள் திறக்கும். படையில் சேர்ந்த அன்று எழுதின அடையாளப் பதிவில் உயரம், கண்ணின் நிறம், முடியின் நிறம், செய்த தொழில் எல்லாம் இருக்கும். ஓய்வூதியக் கோப்பில் பட்ட காயமும் கட்டின மனைவியும் வருவார்கள். படை கலைந்த அன்றைய பதிவில், சம்பளக் கணக்கில், ஒரே ஒரு வரி: ஸ்பென்சர் கார்பைன் எடுத்துக்கொண்டார், 10 டாலர் பிடித்தம். தளபதிகளுக்குச் சிலை இருக்கிறது. ஒரு சாதாரணச் சிப்பாய்க்கு எழுத்தரின் பேனாவிலிருந்து வந்த அந்த ஒரு வரிதான் இருக்கிறது. அதைப் படிக்கிறபோது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அதனால்தான் பொய்க் கதைகளைக் கண்டால் கோபம் வருகிறது. ஏலத்தில் சொல்வார்கள்: "இதன் எண்ணுக்குப் பத்து எண் தள்ளியிருக்கிற கார்பைன் மிஷிகன் குதிரைப்படையில் இருந்தது, ஆகவே இதுவும்." ஆகாது. துப்பாக்கிகளை எண் வரிசைப்படி பெட்டியில் அடுக்கி அனுப்பினார்கள் என்று நம்ப இடமில்லை. பக்கத்து எண் பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

இன்னொன்று சொல்கிறேன், மறக்காதீர்கள். "எங்கள் கொள்ளுத்தாத்தா 1865இல் வீட்டுக்குக் கொண்டுவந்தது" என்று ஒரு போர்க்கால ஸ்பென்சரை நீட்டினால், விசைக்கு முன்னால் பாருங்கள். அங்கே திருப்பக்கூடிய ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கிறதா? அதற்கு ஸ்டேப்ளர் தடுப்பு என்று பேர். அதைத் திருப்பி வைத்தால் ஏழு தோட்டாவும் இருப்பில் நிற்கும், ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுடலாம். போர்க்காலத்தில் செய்த கார்பைன்களில் இது கிடையாது. போருக்குப் பிறகு ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் ஆயிரக்கணக்கான கார்பைன்களைப் பழுதுபார்த்தபோது பொருத்தினார்கள். அடிக்கட்டையில் ஈ.எஸ்.ஏ. என்று அந்த ஆயுதச்சாலையின் தலைமைக் கைவினைஞர் எர்ஸ்கின் ஆலின் என்பவருடைய பேரின் முதலெழுத்து முத்திரையும் இருந்துவிட்டால், அந்தத் துப்பாக்கி 1865க்குப் பிறகும் அரசாங்கத்தின் கையில்தான் இருந்திருக்கிறது. கொள்ளுத்தாத்தா நல்லவராக இருக்கலாம். வேறு ஸ்பென்சரைக் கொண்டுவந்திருக்கலாம். இதை அல்ல.

காகிதமே இல்லாத இடத்தில் என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி கிடைத்தது, மொன்டானாவில், ஒரு புல்வெளித் தீயால்.

1876 ஜூன் 25, லிட்டில் பிக்ஹார்ன். அமெரிக்கப் படைத்தலைவர் கஸ்டரின் ஏழாவது குதிரைப்படையை லகோட்டா, செயென், அரபாஹோ என்கிற பூர்வகுடி மக்கள் தோற்கடித்த இடம். சிப்பாய்கள் கையில் இருந்தது 1873 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன். ஒரு நேரத்தில் ஒரே தோட்டா. மேல்மூடியைத் தூக்கித் திறந்து போட வேண்டும். தோட்டாக்கூடு செம்பு. சூட்டில் சில சமயம் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். தன் ஆட்களின் 380 கார்பைனில் ஆறு இப்படிப் பயனற்றுப் போனதாக அந்தப் படையின் மேஜர் ரீனோ அடுத்த மாதமே எழுதினார். கேப்டன் ஃபிரெஞ்ச் தன்னிடமிருந்த நீளத் துப்பாக்கியின் சுத்தம்செய்யும் கோலால், ஒட்டிக்கொண்ட கூடுகளைச் சிப்பாய்களுக்குத் தள்ளி எடுத்துக் கொடுத்தாராம்.

1983இல் அந்தப் புல்வெளி எரிந்து தரை வெளியே தெரிந்தது. அடுத்த இரண்டு வருடம் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் குழுவினர் உலோகம் தேடும் கருவியோடு நடந்தார்கள். கிடைத்த ஒவ்வொரு வெறும் கூட்டுக்கும் இடம் குறித்தார்கள். துப்பாக்கியின் ஊசி தோட்டாவின் அடியில் குத்துகிற தடம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும், கைரேகை மாதிரி. காவல்துறை கொலை வழக்கில் செய்கிற அதே ஒப்பீட்டை நூறு வருடத்துப் பழைய கூடுகளில் செய்தார்கள். இந்தக் கூடும் அறுபது அடி தள்ளிக் கிடந்த அந்தக் கூடும் ஒரே துப்பாக்கியில் வெடித்தவை என்று சொல்ல முடிந்தது. ஒரு மனிதர் எங்கே நின்றார், எங்கே நகர்ந்தார் என்பது வரைபடமாக வந்தது. பேர் தெரியாது, காலடி தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. லகோட்டா, செயென் வீரர்களின் துப்பாக்கிகளுக்குக் கம்பெனித் தாள் கிடையாது, பிடித்தக் கணக்கு கிடையாது. நாற்பதுக்கு மேற்பட்ட விதமான துப்பாக்கிகள் அவர்களிடம் இருந்தன என்பதே இந்தக் கூடுகளால்தான் வெளியே வந்தது. ஏழு தோட்டா ஸ்பென்சரும் அவற்றில் உண்டு. எழுத்தர் எழுதாமல் விட்டவர்களுக்கு மண் சாட்சி சொன்னது. குதிரைப்படையின் ஸ்பிரிங்ஃபீல்டு கூடுகள் அவர்கள் நின்ற மேடுகளிலும் கிடைத்தன. அந்தக் கார்பைன்கள் சண்டையின் நடுவிலேயே கை மாறி, வந்த திசையை நோக்கித் திரும்பிச் சுட்டிருக்கின்றன.